கொழும்பு வீட்டுத்தோட்டம்: பசளைப் பையைத் தூக்க முதல் எந்த இலை எண்டு பாருங்கோ

"இலை மஞ்சளாப் போகுது, என்ன பசளை போடலாம்?" எங்கட பிளட் (அடுக்குமாடி) வட்ஸ்அப் குரூப்பில கிழமைக்கு ரெண்டு தரமாவது இந்தக் கேள்வி வரும், கூடவே இருட்டில எடுத்த ஒரு போட்டோவும் வரும். பதிலுக்கும் பஞ்சமில்லை, ஒராள் யூரியா எண்டுவார், அடுத்த ஆள் டொலமைட் (மண்ணிட புளிப்பைக் குறைக்கிற சுண்ணாம்புக்கல்லுத் தூள்), மூண்டாவது ஆள் முட்டைக்கோது, கேட்டவ பாவம் மூண்டையும் ஒண்டாப் போட்டுட்டு அடுத்த கிழமை வெறும் சாடிய போட்டோ எடுத்து அனுப்புவா.

நானும் அப்பிடித் தொடங்கின ஆள்தான். 2022 யூன்ல அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ எண்டு சொன்ன காலம், சமையல் காஸும் இல்லை பெற்றோலும் இல்லை, அப்ப வெள்ளவத்தையில எங்கட பிளட் ஸ்லாபில (மொட்டை மாடியில) பெயின்ட் வாளியளில மிளகாயும் கத்தரியும் வச்சன். அந்த வருஷம் நான் சாகடிச்ச கண்டுகளை இப்ப நினைச்சுப் பாத்தா பசளை காணாமச் செத்தது ஒண்டோ ரெண்டோதான், மிச்சமெல்லாம் தண்ணி கூடி, வெய்யில் காணாம, இல்லாட்டி நான் போட்ட வைத்தியத்தாலயே செத்தது. அதால கீழ இருக்கிறதை அறிகுறி அறிகுறியாப் பாத்துக்கொண்டு போங்கோ, உங்கட கண்டில இருக்கிறது எதுவோ அதில நில்லுங்கோ.

எதுக்கும் முதல் செய்யிறது ஒண்டு இருக்கு. விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்க விட்டுப் பாருங்கோ, சாடிய ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ பாரமா இருக்கோ எண்டு, பிறகு அந்த இடத்தில ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் நேர் வெய்யில் விழுது எண்டு மெய்யா எண்ணுங்கோ, மனசால எண்ண வேண்டாம். காய்க்கிற சாமானுக்கு ஆறு மணித்தியாலம் வேணும், வல்லாரை, பொன்னாங்காணி, கங்குங் மாதிரி இலைச் சாமான் எண்டா மூண்டு நாலோட சமாளிக்கும்.

இலை மஞ்சள்

இதில கேக்க வேண்டிய கேள்வி ஒண்டுதான். மஞ்சள் கீழ கிடக்கிற பழைய இலையிலயோ, நுனியில வாற புது இலையிலயோ? நைதரசன், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செடிக்குள்ள இடம் மாறக்கூடிய சத்து, அதுகள் குறைஞ்சா செடி பழைய இலையில இருந்து உறிஞ்சிப் புது இலைக்குக் குடுக்கும், வீட்டில காசு முடையெண்டா அம்மா தன்ட சாப்பாட்டைக் குறைக்கிற மாதிரி. இரும்பும் கல்சியமும் அப்பிடி நகராது, அதுகள் குறைஞ்சா புது இலைதான் முதல்ல காட்டிக்குடுக்கும்.

கீழ் இலை நரம்போட சேத்து முழுசா வெளிறி, செடியும் மெலிஞ்சு நிண்டா நைதரசன் காணாது. எங்கட மழையில சாடி மண்ணில இருந்து முதல்ல கழுவுப்பட்டுப் போறது அதுதான். யூரியாவில 46 வீதம் நைதரசன், அதால சாடிக்கு அள்ளிப் போடக்கூடாது, ஒரு தேக்கரண்டிய 5 லீட்டர் தண்ணில கரைச்சு ஈர மண்ணுக்கு ஊத்தினாக் காணும், கொம்போஸ்ட் இருந்தா இன்னும் நல்லம் ஆனா மெதுவாத்தான் வேலை செய்யும். கீழ் இலையில நரம்பு பச்சையா நிண்டு இடையில மட்டும் மஞ்சள் எண்டா மக்னீசியம், அதுக்கு எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேற்று) ஒரு தேக்கரண்டி ஒரு லீட்டர் தண்ணில கலந்து பின்னேரத்தில இலைக்கு அடிக்கலாம். கீழ் இலையிட ஓரம் கருகினா பொட்டாசியம், இது வாழையில நல்ல வடிவாத் தெரியும்.

புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சைக் கோடாத் தெரிஞ்சா அது இரும்பு. இங்கதான் கொழும்பில ஒரு கூத்து நடக்குது. தெஹிவளையில எங்கட மாமி வீட்டு முன்னால ஒரு தேசிமரம் (எலுமிச்சை), ரெண்டு வருஷமா புது இலையெல்லாம் இப்பிடித்தான், பாக்கிற ஆக்கள் எல்லாரும் "கொழும்பு மண் புளிப்பு, டொலமைட் போடுங்கோ" எண்டு சொல்ல மாமியும் மூண்டு தரம் போட்டுட்டா, மரம் இன்னும் மோசம். கொழும்பு மண் அமிலம் எண்டது பொய்யில்லை, இங்க இருக்கிற செம்மஞ்சள் பொட்சொலிக் மண்ணில வருஷத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல மழை விழுந்து கல்சியம், மக்னீசியத்தைக் கழுவிக்கொண்டே இருக்கும், கீழ தோண்டினா கபுக் கல்லு (செம்பூறாங்கல்). ஆனா மாமி வீட்டு முத்தத்தில இருந்தது கொழும்பு மண்ணே இல்லை! வீடு கட்டேக்க உடைச்ச பழைய சுவர், சீமெந்து, சுண்ணாம்புப் பூச்சு எல்லாத்தையும் போட்டு நிரப்பி மேல ஒரு அங்குலத்துக்கு செம்மண் கொட்டியிருக்கு. நான் ஒரு கை மண்ணைக் காயவச்சு அதுக்கு மேல வினாகிரி ஊத்தினன், சோடாப் போத்தில் திறந்த மாதிரிப் பொங்கிச்சுது. பொங்கினா சுண்ணாம்பு இருக்கெண்டு அர்த்தம், அப்பிடிப்பட்ட மண்ணில இரும்பு இருந்தாலும் வேரால எடுக்க ஏலாத மாதிரிப் பூட்டுப்பட்டுக் கிடக்கும், அதுக்கு மேல டொலமைட் போடுறது பூட்டுக்கு மேல இன்னொரு பூட்டு. அந்த மரத்துக்கு கீலேட் இரும்பு (இப்பிடிப்பட்ட மண்ணிலயும் வேரால எடுக்க ஏலுமான மாதிரிச் செய்தது) குடுத்துக்கொண்டு, சுத்திவரத் தோண்டி இடிபாட்டை எடுத்து கொம்போஸ்ட்டும் நல்ல மண்ணும் நிரப்பினம், அடுத்த துளிர் பச்சையா வந்துது.

இதோட சேத்து ஒண்டு சொல்லோணும், யாழ்ப்பாணத்தில இருந்து வாற புத்திமதிய அப்பிடியே இங்க இறக்க வேண்டாம். அங்க செம்மண்ணுக்குக் கீழ சுண்ணக்கல்லு, மழையும் இங்கத்தையில் கிட்டத்தட்ட அரைவாசிதான், அதால அங்க சாம்பலும் சுண்ணாம்பும் போட வேண்டிய தேவை பெரிசா இல்லை, தண்ணியை ரெண்டு வேளையும் இறைச்சாலும் இறங்கிப் போயிடும். இங்க களி கூடின மண்ணில அப்பிடி இறைச்சா வேர் மூச்சுமுட்டும். என்ட அப்பா ஊரில தோட்டம் செய்த மனுசன், அவரே இங்க வந்து ஸ்லாபைப் பாத்துட்டு "இது எனக்கு விளங்காத விவசாயம்" எண்டுட்டார்.

டொலமைட் மெய்யாத் தேவைப்படுற இடமும் இருக்கு, கடையில வாங்கின செம்மண்ணில வினாகிரி பொங்காம, செடியும் மந்தமா நிண்டா 10 லீட்டர் மண்கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து ரெண்டு மூண்டு கிழமை ஈரமா வச்சிட்டு நடுங்கோ. யூரியாவோட ஒரே நாளில கலக்கக்கூடாது, நைதரசன் அமோனியாவாப் பறந்து போகும், மணமே சொல்லும்.

வாடல்

மத்தியானம் தொங்கிப் பின்னேரம் நிமிர்ந்தா ஒண்டும் செய்ய வேண்டாம், ஸ்லாப் வெக்கைக்கு செடி குட்டித்தூக்கம் போடுது. கறுப்புச் சாடி எண்டா வெள்ளைப் பெயின்ட் அடிச்சு, சீமெந்தில நேரா வைக்காம ரெண்டு செங்கல்லுக்கு மேல தூக்கி வையுங்கோ.

காலமையும் வாடி நிக்குது, மண்ணைத் தொட்டா ஈரம். கொழும்பில கூடக் காணுறது இதுதான், எல்லாரும் செய்யிற பிழையும் இதிலதான், வாடின உடன இன்னொரு வாளி தண்ணி. வேருக்கு காத்து இல்லை, அழுகத் தொடங்கிட்டுது, அழுகின வேரால தண்ணி எடுக்க ஏலாது, அதால தண்ணிக்குள்ள நிண்டுகொண்டே தாகத்தில வாடுது. மெதுவா வெளில எடுத்து வேரைப் பாருங்கோ, வெள்ளையா இருந்தா நல்லம், மண்ணிறமா வழுவழுத்து மணந்தா அந்த வேர்களை வெட்டி, மேல இலையையும் குறைச்சு, புதுக் கலவையில நட்டு நிழல்ல வையுங்கோ, பிழைச்சாப் பிழைச்சுது.

சாடிக்கு அடியில சல்லிக்கல்லுப் போட்டா தண்ணி வடியும் எண்டு எல்லாரும் சொல்லுவினம், நானும் சாக்குக் கணக்கில நாலாம் மாடிக்குத் தூக்கினனான், முதுகு போனதுதான் மிச்சம். சின்னத் துளை உள்ள மண்ணில இருந்து பெரிய இடைவெளி உள்ள கல்லுக்குத் தண்ணி லேசில இறங்காது, மண் நல்லா ஊறி நிரம்பினாப் பிறகுதான் இறங்கும், அதால கல்லுப் போட்டா ஈரமா நிக்கிற பகுதி மேல ஏறி வேருக்குக் கிட்ட வரும். கல்லு வேண்டாம். கலவையையே இளக்கமாச் செய்யுங்கோ, செம்மண் ஒரு பங்கு, கொம்போஸ்ட் ஒரு பங்கு, கழுவின தென்னந் தும்புத்தூளோ கருக்கின உமியோ ஒரு பங்கு, ஓட்டை மட்டும் அடைபடாம இருந்தாச் சரி.

மூண்டாவது வகைதான் கொடுமை. நேத்து வரைக்கும் நல்லா நிண்ட தக்காளி இல்லாட்டி கத்தரி, இலை பச்சையாவே இருக்க ஒண்டு ரெண்டு நாளில அப்பிடியே சரியும். தண்டை அடியில வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாஸ் தெளிஞ்ச தண்ணில அசையாமப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, கொஞ்ச நேரத்தில வெட்டுவாயில இருந்து பால் மாதிரி நூல் நூலா இறங்கினா அது பக்டீரியா வாடல். மருந்து இல்லை. இல்லவே இல்லை, கடையில என்ன தந்தாலும் வாங்காதேங்கோ. செடியை மண்ணோட அகற்றி (கொம்போஸ்ட்டுக்குள்ள போடாம), சாடியையும் கத்தியையும் கழுவி, அந்த மண்ணில தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஒண்டும் நடாம வெண்டியோ பயற்றங்காயோ கீரையோ போடுங்கோ. முத்தத்து மண்ணில இது திரும்பத் திரும்ப வந்தா, காட்டுக் கத்தரி வேரில ஒட்டுக்கட்டின தக்காளிக் கண்டு கிடைச்சா வாங்கிப் பாக்கலாம்.

நட்டு ஒரு மாசம், கண்டு அப்பிடியே நிக்குது

சாகவும் இல்லை வளரவும் இல்லை. சாடிக்குள்ள என்ன இருக்கு எண்டு கேட்டா அநேகமா "வெறும் தும்புத்தூள் அண்ணை, பாரமில்லைத்தானே" எண்டு பதில் வரும். தும்புத்தூள் தண்ணி பிடிக்கும், சத்து எண்டு பெரிசா ஒண்டும் இல்லை, அதைவிடப் பிரச்சினை அதில காபன் கூட நைதரசன் குறைய, அதை உக்கவைக்கிற நுண்ணுயிர் நீங்கள் போடுற நைதரசனைத் தான் பிடிச்சுக்கொள்ளும், செடிக்கு மிச்சம் வராது. மரத்தூள் போட்டவைக்கும் இதே கதை, அதைவிட மோசமா. மற்றது கழுவாத தும்புத்தூளில உப்பு, மட்டையை உப்புத்தண்ணில ஊறவச்சு எடுத்தது எண்டா சொல்லவே வேண்டாம். ஒரு சாக்கில போட்டு ரெண்டு மூண்டு தரம் நல்ல தண்ணில ஊறவச்சுப் பிழியுங்கோ, தேத்தண்ணி நிறம் போகுமட்டும்.

2021 மே மாசம் ரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியா நிப்பாட்டி நவம்பர்ல திரும்ப விட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதுக்குப் பிறகு ஊரில ரெண்டு கட்சி, ஒண்டு யூரியா நஞ்சு எண்டும், மற்றது கொம்போஸ்ட் சும்மா மண் எண்டும். செடி வேர் எடுக்கிறது நைத்திரேற்றும் அமோனியமும்தான், அது எந்தப் பையில இருந்து வந்தது எண்டு வேர் கேக்காது. ஆனா கொம்போஸ்ட் செய்யிற மற்ற வேலை, மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தையும் சத்தையும் பிடிச்சு வைக்கிறது, அதை யூரியா செய்யாது. சாடியில எனக்கு ரெண்டும் வேணும், சண்டை வேண்டாம்.

நுனி கருகுது

கொழும்பில கடலோரமாப் போற காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு இது தனிப் பிரச்சினை. மே மாசம் தென்மேல் பருவக்காத்து தொடங்கினா கடல் உப்பு பறந்து வந்து இலையில படியும், யன்னல் கண்ணாடியில வெள்ளையாத் தெரியிற அதே உப்புத்தான். மழை இல்லாத நாளில பின்னேரம் இலையை நல்ல தண்ணியால கழுவிவிடுங்கோ, காத்து வாற பக்கம் பச்சை வலை கட்டுங்கோ. கடலுக்குத் தூரத்தில இருந்தும் நுனி கருகினா, மண்ணுக்கு மேல வெள்ளைப் படிவு இருந்தா, பசளை கூடிப்போச்சு. சாடிட அளவில ரெண்டு மடங்கு தண்ணி மெதுவா ஊத்தி வடியவிட்டு, ஒரு மாசம் பசளைப் பக்கமே போகாதேங்கோ. ஏசி (குளிரூட்டி) வடிச்சு விடுற தண்ணி இதுக்கு நல்லம், அதில உப்பே இல்லை.

மிளகாய் இலை சுருளுது

சுருள் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ? ஓரம் மேல மடிஞ்சு தோணி மாதிரி வந்தா அநேகமா த்ரிப்ஸ், வெள்ளைத் தாளைக் கீழ பிடிச்சு கொப்பைத் தட்டினா கோடு மாதிரிச் சின்னப் பூச்சி ஓடுறது தெரியும். கீழ்நோக்கி மடிஞ்சு, இலை ஒடுங்கி நீண்டு, காம்பும் நீண்டிருந்தா சிற்றுண்ணி, அது கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேணும். த்ரிப்ஸுக்கு வேப்பெண்ணெய் 5 மில்லிலீட்டர், ஒரு லீட்டர் தண்ணி, பாத்திரம் கழுவுற சோப் சில துளி, பின்னேரத்தில இலைக்குக் கீழ்ப்பக்கம் படுற மாதிரி கிழமைக்கு ஒருக்கா. உண்ணி பூச்சி இனமே இல்லை, சிலந்திட சொந்தக்காரன், அதால சாதாரண பூச்சிமருந்து அதுக்கு வேலை செய்யாது, நனையும் கந்தகத்தூள்தான், பக்கெட்டில போட்டிருக்கிற அளவுக்கு. வேப்பெண்ணெய் அடிச்சு ரெண்டு கிழமைக்குள்ள கந்தகம் அடிச்சா இலை எரியும், நான் எரிச்சிருக்கிறன்.

சுருளோட இலையில மஞ்சள் திட்டு, செடி குறண்டிப் பத்தை மாதிரி வந்தா வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவாறது. பிடுங்கிப் பையில கட்டி எறியுங்கோ, பாவம் பாத்தா பக்கத்து மிளகாயும் போகும்.

பூக்குது, காய்க்கேல்லை

இலை கரும்பச்சையாக் கொழுத்து நிண்டா நைதரசன் கூட, நிப்பாட்டுங்கோ. தக்காளி எண்டா உங்கட பிழை இல்லை, இரவு வெக்கை 21 பாகைக்கு மேல போனாலே அதுக்குக் காய் பிடிக்கிறது குறையத் தொடங்கும், கொழும்பு இரவு 25இல நிக்கும், நுவரெலியாப் பக்கத்தைப் பாத்துப் பொறாமைப்பட்டுப் பிரயோசனமில்லை, சின்னச் செரித் தக்காளி வையுங்கோ, பூக்கொத்தைக் காலமையில விரலால சுண்டிவிடுங்கோ. பாவல், புடோல், பூசணி எண்டா ஆண் பூ வேற பெண் பூ வேற, முதல்ல கன நாளைக்கு ஆண் பூ மட்டும்தான் வரும், பொறுங்கோ. பெண் பூவுக்குக் கீழ குட்டிக் காய் தெரியும். உயரத்தில தேனீ வராட்டி நாங்கள்தான் தரகர் வேலை பாக்கோணும், ஆண் பூவைப் பிடுங்கி இதழை உரிச்சு பெண் பூவில தடவிறது, பூசணிக்குக் காலமை எட்டு மணிக்கு முதல், புடோலுக்குப் பூ விரியிற பொழுதுபட்ட நேரம்.

பல்கனி ஆக்களுக்கு இன்னொண்டு. போன ஓகஸ்ட்டில காய்ச்ச கத்தரி டிசம்பர்ல ஏன் சும்மா நிக்குது எண்டு நான் ஒரு வருஷம் மண்டையை உடைச்சன், பசளை மாத்தினன், மண் மாத்தினன். விஷயம் சூரியன். கொழும்பு கிட்டத்தட்ட 7 பாகை வடக்கில இருக்கு, ஏப்ரல் முதற் பாதியில புதுவருஷத்தை ஒட்டி சூரியன் எங்கட தலைக்கு நேர மேல வந்து வடக்குப் பக்கம் போகும், செப்டெம்பர் தொடக்கத்தில திரும்பத் தெற்குக்கு வரும். என்ட பல்கனி வடக்குப் பாத்தது, அதுக்கு வெய்யில் அந்த அஞ்சு மாசம் மட்டும்தான். இப்ப ஒக்டோபர் வந்தா கத்தரியைத் தூக்கி ஸ்லாபுக்கு அனுப்பிட்டு பல்கனியில வல்லாரை.

இலைக்கு மேல கரி

வாகனப் புகை எண்டு நினைச்சுத் துடைப்பினம், ரெண்டு கிழமையில திரும்ப வரும். அது புகையில்லை, பூஞ்சணம். மேல இருக்கிற தென்னையிலயோ கொய்யாவிலயோ வெள்ளை ஈ, இல்லாட்டி அதே செடியில மாவுப்பூச்சி, அதுகள் விடுற இனிப்புச் சாறில கறுப்பு வளருது. இலையைப் பிரட்டிப் பாருங்கோ, எறும்பு வரிசை போற வழியையும் பாருங்கோ, எறும்பு அந்த இனிப்புக்காக அதுகளைக் காவல் காக்கும். சோப்புத் தண்ணியை வேகமாப் பீச்சிக் கழுவி, சாடிக் காலுக்கு கிரீஸ் பூசி எறும்பை மறிச்சா அரைவாசி வேலை முடிஞ்சுது.

கொம்போஸ்ட் பீப்பா மணக்குது

2017 புதுவருஷத்தண்டு கொழும்புக்குக் கிட்ட மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிஞ்சு வீடுகளை மூடினதுக்குப் பிறகு எங்கட வீட்டில சமையலறைக் குப்பை வெளில போறேல்லை, அது என்ட மனுசிட சட்டம். சட்டம் சரி, மணம்தான் கீழ் வீட்டுக்காரரோட சண்டையில விட்டுது. அழுகின முட்டை மணம் எண்டா காத்துப் போகேல்லை, ஈரம் கூட, கிளறி காஞ்ச சருகு, கிழிச்ச கார்ட்போர்ட் போடுங்கோ. மூக்கைக் குத்துற அமோனியா மணம் எண்டா பச்சைச் சாமான் கூட, அதுக்கும் சருகுதான். ஒரு வாளி மரக்கறிக் கழிவுக்கு ரெண்டு வாளி சருகு எண்டு கண்ணளவில போட்டா பிழைக்காது. கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சா ரெண்டு சொட்டுக்கு மேல வரக்கூடாது. தடிச்ச சாம்பல் புழு நெளிஞ்சா பயப்படாதேங்கோ, அது கறுப்பு சிப்பாய் ஈட புழு, உங்களுக்குச் சும்மா வேலை செய்யுது. மீன் கழுவினது, எலும்பு, சோறு போட்டா எலி வரும், அதுக்கு என்னட்ட வைத்தியம் இல்லை. கால்வாய்ப் பக்கம் அள்ளின ஆகாயத்தாமரையைச் சாப்பாட்டுச் செடிக்குப் போடாதேங்கோ, அது தண்ணில இருக்கிற பார உலோகத்தை உறிஞ்சி வச்சிருக்கிற சாமான், பூஞ்செடிக்கு எண்டாச் சரி.

சின்னச் சில்லறைகள்

மழை இரவில இலையெல்லாம் ஓட்டை, காலமை பளபளக்கிற கோடு: பெரிய ஆபிரிக்க நத்தை. முட்டைக்கோது தடுப்பு அதுக்கு சும்மா தாண்டுற கோடு மாதிரித்தான். ஈரச் சாக்குக்குக் கீழ பப்பாசித் தோல் வச்சு விடியப் பிடியுங்கோ, வெறுங்கையால தொடாதேங்கோ, அதில மனுசருக்குத் தொத்துற புழு இருக்கும்.

விதை முளைக்கேல்லை: கீரை விதையை ஆழத்தில போட்டிருப்பியள், இல்லாட்டி எறும்பு தூக்கியிருக்கும்.

சாடிக்குக் கீழ தட்டில நெளியிற சின்னப் புழு: இது செடிப் பிரச்சினை இல்லை, டெங்குப் பிரச்சினை, பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாத்தா வழக்கும் வரும். நுளம்பு முட்டை பறக்கிற நுளம்பா வர ஒரு கிழமை பத்து நாள் போதும், அதால எங்கட பிளட்டில ஞாயிறு காலமை தேத்தண்ணிக்கு முதல் எல்லாத் தட்டையும் கவிழ்க்கிறது, மேல் மாடி கீழ் மாடி வித்தியாசம் இல்லாம.